கூடிக்கொண்டே போகும் பதற்றத்தை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

சொல்தேடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஆறு வாரங்களாக எனக்குள் ஒரு பதற்றம் கூடிக்கொண்டே போகிறது. வேலை தொடர்பான ஒரு முடிவு இம்மாத இறுதியில் தெரியவரும், அதற்காகக் காத்திருக்கிறேன். நிலைமை கைமீறுவதற்குள் ஒரு மனநல ஆலோசகரைப் பார்க்கலாம் என்று முடிவு செய்து ஒருவரிடம் நேரமும் பெற்றுவிட்டேன். அவருக்குத் தமிழ் தெரியாது. முதல் சந்திப்புக்கு முன்பாக, என்ன நேர்கிறது என்பதை என் சொற்களிலேயே எழுதி அனுப்பும்படி கேட்டிருந்தார்.

நாள் முழுவதும் ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவதே என் பிழைப்பு என்பதால், இது பத்து நிமிட வேலை என்று நினைத்து உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் கழித்தும் திரையில் இரண்டே வாக்கியங்கள்தான் இருந்தன: 'ஐ ஹேவ் டென்ஷன். மை டென்ஷன் இஸ் இன்கிரீசிங்.' வேறு வழியின்றி அதையே அனுப்பினேன். அவர் மிகுந்த கனிவோடு பதில் எழுதியிருந்தார். ஆனால் இறுக்கம் கழுத்திலா தோளிலா என்றும், அல்லது உடன் இருக்கும் யாரோடாவது மனக்கசப்பா என்றும் கேட்டிருந்தார். நான் சொல்ல வந்ததில் ஒரு துளிகூட அவரைச் சென்று சேரவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

தமிழில் என்றால் தடையின்றிச் சொல்லிவிடுவேன். முதல் இரண்டு வாரங்கள் ஏதோ சரியில்லை என்ற ஓர் உறுத்தல் மட்டுமே இருந்தது. பிறகு மாலை நேரங்களில் இருப்புக்கொள்ளாமல் போயிற்று. உட்கார்ந்தால் எழ வேண்டும் போலவும், எழுந்தால் எங்கே போவது என்று தெரியாமலும் இருந்தேன். இப்போது காலையில் கண் விழிக்கும்போதே அடிவயிற்றைப் பிசைகிறது. நாள் நெருங்க நெருங்க எல்லாம் கூடுகிறது. இந்தப் படிப்படியான வளர்ச்சியை ஆங்கிலத்தில் சொல்ல என்னென்ன தொடர்கள் இருக்கின்றன? அகராதியில் பார்த்தால் எல்லாச் சொற்களுக்கும் 'கவலை, பதற்றம், அச்சம்' என்ற அதே மூன்று பொருள்கள்தான் கிடைக்கின்றன.


இடைவரி எழுதியது:

உங்கள் கேள்விக்கான விடையில் பாதியை உங்கள் கடைசிப் பத்தியிலேயே நீங்கள் எழுதிவிட்டீர்கள். உறுத்தல், இருப்புக்கொள்ளாமை, அடிவயிறு பிசைவது என்று மூன்று வெவ்வேறு நிலைகளைத் தமிழில் துல்லியமாகப் பிரித்துக் காட்டுகிற நீங்கள், ஆங்கிலத்துக்குப் போகும்போது மூன்றையும் 'டென்ஷன்' என்கிற ஒரே மூட்டையில் போட்டுக் கட்டிவிட்டீர்கள். பல ஆண்டுகளாக மொழிபெயர்ப்பு செய்துவருகிறேன். இந்தச் சிக்கலில் பலரும் சொல் கிடைக்காமல் திணறுவதாகவே நினைக்கிறார்கள். உண்மையில் அவர்கள் தமிழில் சொல்லிப் பார்க்காமல் நேரே ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவதுதான் தடையாக இருக்கிறது.

'டென்ஷன்' இன்று ஏறக்குறைய தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. கோபம் வந்தாலும் டென்ஷன், அவசரம் என்றாலும் டென்ஷன், பயந்தாலும் டென்ஷன் என்று சொல்கிறோம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் காதில் அந்தச் சொல் இழுத்துக் கட்டிய நிலையைத்தான் முதலில் குறிக்கும்: கயிற்றின் இழுவிசை, தசையின் இறுக்கம், பேசாமல் முறுக்கிக்கொண்டிருக்கும் இருவருக்கு இடையிலான விறைப்பு. உங்கள் ஆலோசகர் கழுத்தையும் மனக்கசப்பையும் விசாரித்ததற்கு இதுவே காரணம். அவர் நீங்கள் எழுதியதைச் சரியாகவே படித்திருக்கிறார்.

உங்கள் மூன்று நிலைகளுக்கு வருகிறேன். உறுத்தலுக்கு 'எ நேகிங் ஃபீலிங்' என்பது மிக அருகில் வரும். விடாமல் நச்சரித்துக்கொண்டிருக்கும் உணர்வு என்பது அதன் பொருள். 'அனீஸ்' என்ற சொல்லும் பொருந்தும்; அது பயம் அல்ல, நிம்மதியின்மை. இருப்புக்கொள்ளாமைக்கு 'ரெஸ்ட்லெஸ்' என்று தாராளமாக எழுதலாம். அதோடு எரிச்சலும் சேர்ந்திருந்தால், சின்னச் சத்தத்துக்கே திடுக்கிட்டால், 'ஆன் எட்ஜ்' என்று எழுத வேண்டும். அடிவயிற்றுக்கு நேரான சொல் ஆங்கிலத்திலும் இருப்பது ஒரு நல்வாய்ப்பு: 'தி பிட் ஆஃப் மை ஸ்டமக்'. அங்கே ஒரு முடிச்சு விழுந்ததுபோல் இருக்கிறது என்பதை 'எ நாட் இன் தி பிட் ஆஃப் மை ஸ்டமக்' என்பார்கள். கவலை செல்லரிப்பதுபோல் உள்ளே அரிக்கிறது என்றால் 'இட் இஸ் ஈட்டிங் அவே அட் மீ'. இந்த இடத்தில் இரு மொழிகளும் ஒரே படத்தைத்தான் கண்டிருக்கின்றன.

வளர்ச்சியைச் சொல்லும் அடைகளிலும் ஒரு நுட்பம் உண்டு. 'க்ரோயிங் அனீஸ்', 'மவுண்டிங் ஆங்சைட்டி', 'ரைசிங் பேனிக்', 'க்ரீப்பிங் ட்ரெட்' ஆகிய நான்கையும் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். முதலாவது செடி வளர்வதுபோல் மெல்ல வளர்கிறது. இரண்டாவது அடுக்கின்மேல் அடுக்காக ஏறுகிறது. மூன்றாவது கழுத்தளவுக்கு ஏறும் வெள்ளம்போல் மூச்சைத் தொடுகிறது. நான்காவது காலடிச் சத்தமின்றி ஊர்ந்து வருகிறது. இவற்றை மாற்றிப் போட்டால் இலக்கணப் பிழை வராது. ஆனால் படம் கலைந்துவிடும். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். 'மவுண்டிங்' என்பது எழுத்து நடைக்கும் செய்தி நடைக்கும் உரியது. பேச்சில் யாரும் 'மை ஆங்சைட்டி இஸ் மவுண்டிங்' என்று சொல்வது அரிது. 'இட் கீப்ஸ் பில்டிங் அப்' என்பார்கள். அலை அலையாக வந்து போகிறது என்றால் 'இட் கம்ஸ் இன் வேவ்ஸ்'. உங்களுக்கு எது நேர்கிறது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஏனென்றால் படிப்படியாக ஏறுவதும் அலையாக வந்து போவதும் கேட்பவருக்கு இரண்டு வேறு தகவல்கள்.


பழைய ஆசிரியை எழுதியது:

இடைவரி சொற்களைச் சொல்லிவிட்டார். சொற்களைத் தாங்கும் வாக்கியத்தைப் பற்றி நான் சொல்கிறேன். ஏனென்றால் 'கூடிக்கொண்டே போகிறது' என்பதில் உள்ள 'கொண்டே போகிறது' என்ற துணைவினைக்கு ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் கிடையாது, வாக்கிய அமைப்புதான் அந்த வேலையைச் செய்யும்.

முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நான் திருத்திய பிழைகளில் முதலிடம் இதற்குத்தான்: 'ஐ ஆம் ஃபீலிங் ஆங்ஷியஸ் சின்ஸ் சிக்ஸ் வீக்ஸ்.' நாம் 'ஆறு வாரமாகப் பதற்றமாக இருக்கிறது' என்று நிகழ்காலத்திலேயே சொல்கிறோம். 'ஆக' என்ற ஒட்டு கடந்த ஆறு வாரங்களையும் இழுத்துக்கொண்டு வந்து இன்றைய நாளோடு கட்டிவிடுகிறது. ஆங்கில நிகழ்காலத்துக்கு அந்த வலு இல்லாததால், 'ஐ ஹேவ் பீன் ஃபீலிங் ஆங்ஷியஸ் ஃபார் சிக்ஸ் வீக்ஸ்' என்று எழுத வேண்டியிருக்கிறது. கால அளவு என்றால் 'ஃபார்'. தொடங்கிய புள்ளி என்றால் 'சின்ஸ்', அதாவது 'சின்ஸ் ஜூன்'. இது வெறும் இலக்கணப் பிடிவாதம் அல்ல. 'ஐ ஆம் ஆங்ஷியஸ்' என்று மட்டும் எழுதினால் இன்று, இந்த நிமிடம் என்றே படிப்பவர் புரிந்துகொள்வார். ஆறு வாரங்களாக நீங்கள் சுமந்ததெல்லாம் கணக்கில் வராமல் போய்விடும்.

அடுத்து, 'பி' என்ற வினை நிலையைக் காட்டும், 'கெட்' என்ற வினை மாற்றத்தைக் காட்டும். 'ஐ ஆம் வரீட்' என்றால் கவலையில் இருக்கிறேன். 'ஐ ஆம் கெட்டிங் வரீட்' என்றால் கவலை வரத் தொடங்குகிறது. அதனுடன் 'மோர் அண்ட் மோர்' சேர்த்தால் கூடுகிறது என்பது கிடைத்துவிடும். எவ்வளவு வேகமாகக் கூடுகிறது என்பதற்கு ஆங்கிலத்தில் ஓர் எளிய அளவுகோல் இருக்கிறது: 'பை தி டே' என்றால் நாளுக்கு நாள், 'பை தி ஹவர்' என்றால் மணிக்கு மணி, 'பை தி மினிட்' என்றால் நிமிடத்துக்கு நிமிடம். 'ஐ ஆம் கெட்டிங் மோர் ஆங்ஷியஸ் பை தி டே' என்பது ஆறு வாரக் கதைக்குப் பொருந்தும். மருத்துவமனை வராந்தாவில் காத்திருப்பவருக்குப் 'பை தி மினிட்'.

நீங்கள் எழுதிய 'நெருங்க நெருங்க' என்ற அடுக்குக்காகவே இந்த இழையில் எழுத வந்தேன். செயவென் எச்சத்தை இருமுறை சொல்லி, ஒன்றின் வளர்ச்சியை இன்னொன்றின் வளர்ச்சியோடு கட்டிவிடுவது தமிழின் பேரழகு. ஆங்கிலத்தில் இதற்கு நிகரானது இரட்டைத் 'தி' அமைப்பு: 'தி க்ளோசர் இட் கெட்ஸ், தி மோர் ஆங்ஷியஸ் ஐ ஃபீல்.' இரண்டு 'தி'-யும் கட்டாயம் வர வேண்டும். மாணவர்கள் முதலாவதை விட்டுவிட்டு, 'வென் இட் இஸ் நியரிங்' என்று தொடங்கித் தடுமாறுவார்கள். 'நெருங்க நெருங்க' என்று மனத்தில் ஒலிக்கும்போதெல்லாம் இரட்டைத் 'தி' நினைவுக்கு வர வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன், சொன்னதும் பிடித்துக்கொண்டார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. 'ஆங்ஷியஸ் அபவுட்' என்றால் ஒன்றைப் பற்றிய பதற்றம். 'ஆங்ஷியஸ் டு' என்றால் ஆவல். 'ஐ ஆம் ஆங்ஷியஸ் டு நோ தி ரிசல்ட்' என்று எழுதினால், முடிவை அறியத் துடிக்கிறேன் என்றுதான் பொருள்படும். அந்தத் துடிப்பில் கொஞ்சம் பதைப்பும் கலந்திருக்கலாம், ஆனால் பயம் முன்னே நிற்காது.


சொல்தேடி எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று மீண்டும் முயன்றேன். இணையத்தில் தேடிக் கிடைத்த சில மரபுத்தொடர்களையும் சேர்த்திருக்கிறேன். 'ஐ ஹேவ் பீன் கெட்டிங் மோர் ஆங்ஷியஸ் பை தி டே' என்று தொடங்கி, காலையில் நேர்வதற்கு 'ஐ ஹேவ் பட்டர்ஃப்ளைஸ் இன் மை ஸ்டமக்' என்றும், கைகால் சில்லிட்டுப் போவதற்கு 'ஐ கெட் கோல்ட் ஃபீட்' என்றும், முள்ளின்மேல் இருப்பதுபோன்ற நிலைக்கு 'ஐ ஹேவ் பின்ஸ் அண்ட் நீடில்ஸ்' என்றும் எழுதினேன். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முன்பு நேர்ந்தது மறுபடியும் நேருமோ என்று அனுப்பத் தயக்கமாக இருக்கிறது.


இடைவரி எழுதியது:

அனுப்பாமல் இருந்தது நல்லதாயிற்று. உங்கள் முதல் வாக்கியம் முழுமையாகச் சரி. மற்ற மூன்றும் உங்களை வேறு மனிதராகக் காட்டிவிடும்.

'கோல்ட் ஃபீட்' என்பது கால் சில்லிடுவதைச் சொல்வதல்ல. ஒரு காரியத்தில் இறங்க ஒப்புக்கொண்டுவிட்டு, கடைசி நேரத்தில் துணிவிழந்து பின்வாங்குவதற்கே அப்படிச் சொல்வார்கள். உங்கள் கடிதத்தைப் படிப்பவர், இவர் எதிலிருந்தோ விலகப் பார்க்கிறார் என்று நினைப்பார். உடலில் நேர்வதைச் சொல்ல வேண்டுமானால், 'மை ஹேண்ட்ஸ் அண்ட் ஃபீட் கோ கோல்ட்' என்று வெறுமனே எழுதிவிடுங்கள்.

'பின்ஸ் அண்ட் நீடில்ஸ்' என்பதில் ஒரு சிறு இடைச்சொல் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. 'ஐ ஹேவ் பின்ஸ் அண்ட் நீடில்ஸ்' என்றால் கால் மரத்துப்போய் ஊசி குத்துவதுபோல் இருக்கிறது என்று பொருள். படிப்பவர் நரம்புக் கோளாறோ என்று விசாரிப்பார். 'ஐ ஆம் ஆன் பின்ஸ் அண்ட் நீடில்ஸ்' என்றால்தான் நம்முடைய முள்மேல் இருக்கும் நிலை. இதே குடும்பத்தில் 'ஆன் டென்டர்ஹூக்ஸ்' என்றும் ஒன்று உண்டு. நெய்து அலசிய கம்பளித் துணி சுருங்காமல் காய வேண்டும் என்பதற்காக ஒரு மரச்சட்டத்தில் இழுத்து மாட்டுவார்கள். அந்தச் சட்டத்தின் பெயர் 'டென்டர்', துணியைப் பற்றியிருக்கும் கொக்கிகள் 'டென்டர்ஹூக்ஸ்'. 18-ஆம் நூற்றாண்டிலேயே இது மனத்தின் தவிப்பைக் குறிக்கும் தொடராகிவிட்டது. முடிவு தெரியாமல் இருபுறமும் இழுபடும் உங்கள் நிலைக்கு இதைவிடப் பொருத்தமான படம் இல்லை என்பேன். பலர் இதைத் 'டெண்டர்' என்று, மென்மையைக் குறிக்கும் சொல்லாக, தவறாக எழுதுகிறார்கள். அதில் கவனம் தேவை.

வண்ணத்துப்பூச்சிதான் நான் மிகவும் கவலைப்படுவது. மேடை ஏறும் முன்பும், நேர்காணலுக்குள் நுழையும் முன்பும் வயிற்றுக்குள் படபடப்பதற்கு அது உரியது. அதில் பாதி எதிர்பார்ப்பும் கலந்திருக்கும்; காதலிப்பவர்கள்கூடச் சொல்வார்கள். நம்முடைய 'வயிற்றில் புளியைக் கரைக்கிறது' என்பதன் கனம் அதற்கு இல்லை. ஆறு வாரங்களாகக் காலையில் கண் விழித்ததும் பிசைகிற வயிற்றை வண்ணத்துப்பூச்சி என்று எழுதினால், உங்கள் துன்பத்தை நீங்களே இலேசாக்கிக் கொடுத்துவிட்டீர்கள் என்று ஆகும்.


வெண்சுவர் எழுதியது:

நான் மனநலப் பிரிவில் செவிலியராகப் பணியாற்றுகிறேன். மேலே சொன்ன மொழி நுட்பங்களோடு, கேட்பவரின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

பதற்றத்தின் அளவை அறிய உலகெங்கும் பயன்படும் ஒரு சிறு வினாப்படிவம் 2006-இல் வெளியானது. அதன் பெயர் ஜி.ஏ.டி.-7. கடந்த 2 வாரங்களில் நேர்ந்ததைப் பற்றி அதில் 7 கேள்விகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் 'இல்லவே இல்லை' என்பதற்கு 0 முதல் 'ஏறக்குறைய தினமும்' என்பதற்கு 3 வரை மதிப்பெண் தரப்பட்டு, மொத்தம் 21-க்குக் கணக்கிடப்படும். 5, 10, 15 ஆகியவை இலேசான, நடுத்தரமான, கடுமையான நிலைகளின் வாசற்படிகள். இதை இங்கே சொல்லக் காரணம், அதன் ஆங்கில வடிவின் முதல் கேள்வியே 'நெர்வஸ், ஆங்ஷியஸ் ஆர் ஆன் எட்ஜ்' என்றுதான் வருகிறது. 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 என்ற நோய்க்கணிப்பு நூலிலும், நாட்பட்ட பதற்ற நோயின் அறிகுறிகளில் 'கீட் அப் ஆர் ஆன் எட்ஜ்' என்ற சொற்கள் இருக்கின்றன. 'கீட் அப்' என்றால் நரம்பெல்லாம் முறுக்கேறி நிற்பது. ஆக, மரபுத்தொடர் என்பது கதை எழுதுகிறவர்களுக்கு மட்டும் உரியதன்று; மருத்துவப் படிவத்துக்குள்ளேயே அது உட்கார்ந்திருக்கிறது. நன்றாக ஆங்கிலம் படித்தவர்களே அந்த முதல் கேள்வியில் பேனாவை நிறுத்தி, விளிம்பு என்று எதைச் சொல்கிறார்கள் என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். புரியாமலேயே 0 என்று குறித்துவிட்டுப் போனவர்கள் எத்தனை பேரோ என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

அந்தத் தொடரிலேயே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. 'ஆன் எட்ஜ்' என்றால் எரிச்சலும் விழிப்பும் கலந்த படபடப்பு. நடுவே ஒரு 'தி' சேர்ந்து 'ஆன் தி எட்ஜ்' ஆகிவிட்டால், தாங்க முடியாத எல்லைக்கு வந்துவிட்டேன், இனி விழுந்துவிடுவேன் என்ற பொருள் வரக்கூடும். அப்படி ஒருவர் எழுதியிருந்தால், அவர் பாதுகாப்பாக இருக்கிறாரா என்பதைத்தான் நாங்கள் முதலில் விசாரிப்போம். உண்மையிலேயே அந்த நிலை என்றால் தயங்காமல் அப்படியே எழுதுங்கள். ஆனால் தவறுதலாக எழுதிவிட வேண்டாம்.

'பேனிக் அட்டாக்' என்ற சொல்லையும் பலர் எல்லாப் பதற்றத்துக்கும் பயன்படுத்துகிறார்கள். அது திடீரென்று கிளம்பிச் சில நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொடும் பேரச்சம். நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், உயிரே போய்விடும் என்று தோன்றும். ஆறு வாரங்களாக மெல்ல ஏறிவருவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. அதுபோலவே, 'ஐ ஃபீல் ஆங்ஷியஸ்' என்பது உணர்வு. 'ஐ ஹேவ் ஆங்சைட்டி' என்பதை ஏற்கெனவே கண்டறியப்பட்ட நோயாகப் பலர் புரிந்துகொள்வார்கள்.

வயிறு ஏன் பிசைகிறது என்று சிலர் பயப்படுவதால் ஒரு வார்த்தை: ஆபத்து என்று மூளை முடிவெடுத்தவுடன் அட்ரினலின் சுரக்கிறது, செரிமான உறுப்புகளுக்குச் செல்லும் இரத்தம் குறைந்து தசைகளுக்குத் திருப்பிவிடப்படுகிறது. கைகால் விரல்கள் சில்லிடுவதும் தோலின் இரத்தக்குழாய்கள் சுருங்குவதால்தான். நீங்கள் கற்பனை செய்து சொல்லவில்லை; உடலில் நேர்வதைத்தான் சொல்கிறீர்கள்.

மரபுத்தொடரை எழுதியதும், அதன் அருகிலேயே ஒரு நிகழ்வையும் எழுதிவிடுங்கள். வாரத்தில் எத்தனை இரவு தூக்கம் வரவில்லை, எந்த வேலையைச் செய்ய முடியாமல் போயிற்று, யார்மீது எரிந்து விழுந்தீர்கள் என்பவை எந்த மொழியிலும் தவறாகப் புரிந்துகொள்ளப்படாதவை.


உரியியல் எழுதியது:

மதிப்புக்குரிய நண்பர்களே, இந்த இழையை முழுவதும் படித்தேன். ஒரு மாற்றுக் கருத்தை முன்வைக்க அனுமதியுங்கள். மனம் கலங்கி நிற்கும் ஒருவரை, இரட்டைத் 'தி' போட்டாயா, 'ஆன்' சேர்த்தாயா என்று தேர்வு எழுதவைப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது. தமிழ் தெரிந்த ஆலோசகரையோ, ஒரு மொழிபெயர்ப்பாளரையோ கேட்டுப் பெறுவதுதான் முதல் வழியாக இருக்க வேண்டும். துன்பத்தைத் தாய்மொழியில் சொல்வது ஒருவருடைய உரிமை.

ஆங்கிலச் சொற்கள் ஏதோ நம்மிடம் இல்லாத நுட்பத்தை வைத்திருக்கின்றன என்ற எண்ணமும் வேண்டாம். 'ஆங்சைட்டி' இலத்தீனில் நெரித்தலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. 'ஆங்க்விஷ்' அதன் உறவு. செருமானியரின் 'ஆங்ஸ்ட்' என்பதும் குறுகலைக் குறிக்கும் அதே பழைய வேரைச் சேர்ந்தது. 'வரி' என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் கழுத்தை நெரிப்பதையே குறித்தது. கவ்விய இரையை நாய் உதறுவதற்குப் பின்னாளில் வழங்கி, அதன் பிறகே மனக்கவலையாயிற்று. இவை எல்லாமே தொண்டையை இறுக்குகிற சொற்கள். நம் முன்னோர் வேறொன்றைக் கண்டார்கள். தொல்காப்பிய உரியியல் 'அலமரல்', 'தெருமரல்' என்ற இரு சொற்களுக்கும் சுழற்சி என்று பொருள் சொல்கிறது. அவையே மனம் நிலைகொள்ளாமல் சுழன்று கலங்குவதையும் குறித்தன. இன்று ஆங்கிலத்தில் எண்ணங்கள் 'ஸ்பைரல்' ஆகின்றன என்று புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் பேசுகிறார்கள். சுழல் நம்மிடம் ஈராயிரம் ஆண்டு பழையது.

சொற்களை ஒன்றுக்கொன்று நேராக வைத்துவிட முடியும் என்று நம்புவதிலும் சிக்கல் இருக்கிறது. டென்மார்க்கின் மெய்யியலாளர் கீர்க்ககோர் 1844-இல் ஒரு நூல் முழுவதையும் இந்த ஒரே உணர்வுக்காக எழுதினார். 1944-இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு அவர் பயன்படுத்திய டேனிய மொழிச் சொல்லை 'ட்ரெட்', அதாவது பேரச்சம், என்றது. 1980-இல் வந்த மொழிபெயர்ப்பு 'ஆங்சைட்டி' என்றது. அறிஞர்களுக்கே ஒரு சொல்லில் உடன்பாடு ஏற்படாதபோது, நம் நண்பர் ஒரு மணி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததில் வெட்கப்பட எதுவும் இல்லை.


இடைவரி எழுதியது:

உரியியல் ஐயா, உரிமை பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு ஒரு சொல்கூட மறுப்பு இல்லை. தமிழில் பேசக் கிடைத்தால் தமிழிலேயே பேசட்டும். ஆனால் கிடைக்காத இடத்தில், கிடைக்காத வரையில், அவர் தன் நிலையைச் சொல்லாமல் இருக்க முடியாது. நான் வேண்டுவதும் உங்கள் பக்கம்தான்: 'மை தாட்ஸ் ஸ்டார்ட் ஸ்பைரலிங்' என்று எழுதுகிறவர் 'அலமரல்' என்ற சொல்லை ஒருமுறையாவது கேட்டிருந்தால், அந்த ஆங்கிலத் தொடரை இரவல் வாங்கியதுபோல் அல்லாமல் அறிந்து கையாள்வார்.

இன்னொன்றும் உண்டு. தமிழில் நாம் 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்கிறோம். பயம் எழுவாயாக வராவிட்டாலும், நான் அதை அடைபவனாக மட்டும் நான்காம் வேற்றுமையில் நிற்கிறேன். 'பதற்றம் தொற்றிக்கொண்டது' என்று சொல்லும்போதோ, அது வெளியிலிருந்து வந்து ஒட்டியதாகவே ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் 'ஐ ஆம் ஆங்ஷியஸ்' என்று எழுதியவுடன் நானே பதற்றமாகிவிடுகிறேன். இது பலருக்கு உள்ளூர உறுத்துகிறது, என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் பதற்றத்தையே எழுவாயாக்கிக்கொள்ளலாம்: 'இட் க்ரெப்ட் அப் ஆன் மீ' என்றால் அது அறியாமல் வந்து என்னைப் பற்றிக்கொண்டது; 'இட் இஸ் கெட்டிங் டு மீ' என்றால் அது என்னைத் தாக்கத் தொடங்கிவிட்டது. இவை பிழையற்ற, நாள்தோறும் புழங்கும் ஆங்கிலம். நம் வாக்கியத்தின் இயல்பும் இவற்றில் கெடுவதில்லை.


சொல்தேடி எழுதியது:

உரியியல் ஐயா, வெட்கப்பட எதுவும் இல்லை என்று நீங்கள் எழுதிய வரியைப் பலமுறை படித்தேன். நன்றி. இப்போதைக்கு இந்த ஆலோசகரிடமே போகிறேன். தமிழில் பேசக்கூடியவர் யாரேனும் உண்டா என்று அவரிடமே கேட்கவும் எண்ணியிருக்கிறேன்.

இடைவரி சொன்னதை நினைத்து, முதலில் ஒரு தாளில் தமிழில் எழுதினேன். எழுதும்போதே ஒன்று புலப்பட்டது. எல்லா நாளும் ஒரேபோல் கூடவில்லை. ஞாயிறு மாலைகளில் உச்சத்துக்குப் போய், செவ்வாய், புதனில் சற்றே தணிந்து, அடுத்த ஞாயிறு முன்னிலும் அதிகமாக ஏறுகிறது. 'டென்ஷன்' என்று எழுதிக்கொண்டிருந்த வரையில் இது என் கண்ணில் படவே இல்லை. பிறகு ஆங்கிலத்தில் எழுதியது இது:

'இட் க்ரெப்ட் அப் ஆன் மீ அபவுட் சிக்ஸ் வீக்ஸ் அகோ. அட் ஃபர்ஸ்ட் இட் வாஸ் ஒன்லி எ நேகிங் ஃபீலிங் தட் சம்திங் வாஸ் ராங். தென் ஐ பிகேம் ரெஸ்ட்லெஸ் இன் தி ஈவ்னிங்ஸ். நௌ ஐ வேக் அப் வித் எ நாட் இன் தி பிட் ஆஃப் மை ஸ்டமக். இட் கம்ஸ் இன் வேவ்ஸ், பட் ஈச் வேவ் இஸ் ஹையர். தி க்ளோசர் தி டே கெட்ஸ், தி மோர் ஆன் தி எட்ஜ் ஐ ஃபீல். ஐ ஹேவ் நாட் ஸ்லெப்ட் த்ரூ தி நைட் ஃபார் டென் டேஸ்.'

அதாவது: ஏறக்குறைய ஆறு வாரங்களுக்கு முன்பு நான் அறியாமலே அது என்னைப் பற்றிக்கொண்டது, முதலில் ஏதோ சரியில்லை என்ற உறுத்தல், பிறகு மாலைகளில் இருப்புக்கொள்ளாமை, இப்போது அடிவயிற்றில் முடிச்சோடு விழிக்கிறேன், அலை அலையாக வருகிறது, ஒவ்வொரு அலையும் முந்தையதைவிட உயரம், நாள் நெருங்க நெருங்கப் படபடப்பு கூடுகிறது, பத்து நாள்களாக ஓர் இரவும் முழுதாகத் தூங்கவில்லை. பார்த்துச் சொல்லுங்கள்.


பழைய ஆசிரியை எழுதியது:

மிக நன்றாக வந்திருக்கிறது, தம்பி. 'ஈச் வேவ் இஸ் ஹையர்' என்ற வரி எந்த அகராதியிலிருந்தும் வரவில்லை. நீங்கள் கவனித்ததிலிருந்து வந்திருக்கிறது. ஓர் இடத்தை மட்டும் திருத்துங்கள். 'ஆன் தி எட்ஜ்' என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சொல்ல வந்தது படபடப்புதான் என்றால் அந்தத் 'தி' போகட்டும். தெரிந்தே எழுதினீர்கள் என்றால், அனுப்பிவிட்டு மாத இறுதி வரை காத்திருக்க வேண்டாம். இன்றே அவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள்.


சொல்தேடி எழுதியது:

தெரியாமல் எழுதியதுதான், அம்மா. எடுத்துவிட்டேன். இப்போதுதான் அனுப்பினேன்.